ஒரே பாத்ரூம், உள்ளே குடித்தனம்
மதுரை செல்லூர் வீட்டில் இருக்கிற ஒரே பாத்ரூம் ஒழுகுது, குடித்தனக்காரருக்குக் கைக்குழந்தை, காலி பண்ணச் சொல்லாமலே டைல்ஸ் மாற்றலாமா என்று கேட்டிருந்தீர்கள். மாற்றலாம் சார். ஆனால் கொத்தனாரின் 'மூணே நாள்' கணக்கை நம்பாதீர்கள். உடைத்து, வாட்டர்புரூஃபிங் அடித்து, அது நன்றாகக் காய்ந்த பிறகு தண்ணீர் கட்டி 24 மணி நேரமாவது நிறுத்தி, கசியுதா என்று பார்க்கணும். அவசரத்தில் நான் இதை விட்டேன். ஆறே மாதத்தில் திரும்ப உடைத்தேன். எப்படியும் ஒரு வாரம் ஆகும். அதுவரை அவர்களுக்கு மாற்று பாத்ரூம் காட்டுங்கள், இல்லையென்றால் அந்த நாட்களுக்கு வாடகையில் கழித்து அவர்களுடைய உறவினர் வீட்டுக்கு அனுப்புங்கள். தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டப்படி, வேலைக்காக உள்ளே போக 24 மணி நேரம் முன்பே எழுத்தில் சொல்லணும். சித்திரைத் திருவிழா வாரம் மட்டும் வேண்டாம். அழகர் ஆற்றில் இறங்கி மலைக்குத் திரும்பும்வரை உங்கள் தெருவுக்கு மணல் வண்டியும் வராது, கொத்தனாரும் வரமாட்டார்.