காலில்லாப் பறவையும் அதைத் தேடிப் போனவர்களும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் பாடசாலைக்குப் பின்னாலுள்ள பலாமரத்திற்குத் தை மாதத்தில் ஒரு வெள்ளைப் பறவை வந்தது. வாலில் இரண்டு இறகுகள் ரிப்பன் போல நீண்டு தொங்கின. சொர்க்கப் பறவை என்று பிள்ளைகள் சாதிக்கிறார்கள். சரிதானா?
(ஓர் ஆசிரியை, பண்டாரவளை)

பதில்: இல்லை. வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் இந்தியாவிலிருந்து வந்து தங்கிச் செல்லும் அரசவால் ஈபிடிப்பானின் வளர்ந்த ஆணையே நீங்கள் கண்டிருக்கிறீர்கள். இலங்கையிலேயே வாழும் இனத்தின் ஆண் ஒருபோதும் வெள்ளையாவதில்லை. செங்காவி நிறத்திலேயே இருந்துவிடும். சிங்களத்தில் வெள்ளைப் பறவையைச் 'சுது ரெதி ஹொரா', அதாவது வெள்ளைத் துணித் திருடன் என்பார்கள். அது பறப்பதை ஒருமுறை பார்த்தவருக்கு அந்தப் பெயரின் பொருத்தம் விளங்கும். உண்மையான சொர்க்கப் பறவைகள் நியூகினியிலும் அதையடுத்த தீவுகளிலும் ஆஸ்திரேலியாவின் கிழக்கிலும் மட்டுமே உள்ளன. ஆனால் பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. உயிரினங்களுக்கு அறிவியற் பெயர் வைக்கும் முறையை வகுத்த சுவீடன் அறிஞர் லின்னேயஸ், 1758 இல் இந்த ஈபிடிப்பானுக்குப் பெயர் சூட்டியபோதே 'பாரடைசி' என்ற சொல்லை அதில் சேர்த்து, குழப்பத்தைத் தொடக்கி வைத்துவிட்டார்.

கேள்வி: சொர்க்கப் பறவைக்குக் கால்களே இல்லை என்று ஒரு பழைய புத்தகத்தில் படித்தேன். அப்படியும் ஒரு பறவை உண்டா?
(ஓய்வுபெற்ற தோட்டக் கிளாக்கர், ஹட்டன்)

பதில்: கால்கள் உண்டு, காக்கையின் கால்களைப் போல உறுதியானவை. அவை காணாமற்போனது மனிதர் கையால். மகெல்லனின் கப்பல்களில் உலகைச் சுற்றி முடித்த விக்டோரியா, 1522 இல் ஸ்பெயினுக்குத் திரும்பியபோது, நியூகினிக்கு மேற்கேயுள்ள பச்சான் தீவின் சுல்தான் கொடுத்தனுப்பிய சில தோல்களையும் கொண்டுவந்தது. மலாய் வணிகர்கள் இப்பறவையை 'மானுக் தேவாத்தா' என்றார்கள். நாம் தேவதை என்று வழங்கும் அதே சொல்தான் அது. நியூகினியையடுத்த ஆரு தீவுகளின் வேடர்கள், இறகில் இரத்தக்கறை படியக்கூடாதென்று, முனையில் தேநீர்க் கோப்பையளவு மரக்குமிழ் பொருத்திய அம்பால் பறவையை அடித்து வீழ்த்துவார்கள். பிறகு சிறகுகளையும் கால்களையும் வெட்டியெறிந்து, அலகு வரை தோலை உரித்து, மண்டையோட்டை அகற்றி, ஒரு குச்சியை வாய்வழியே வெளிவரும்படி செருகி, அதைச் சுற்றி இலைகளைத் திணித்து, பாளையில் சுற்றிக் குடிசையின் புகையில் உலர்த்துவார்கள். அவர்களுக்கு வேண்டியிருந்தது தோகை மட்டுமே. அப்படி வந்த தோலைக் கண்ட ஐரோப்பியர், கிளையில் அமராமல், வானத்துப் பனியைப் பருகி, இறக்கும்போது மட்டுமே மண்ணில் விழும் பறவை என்று கதை கட்டினார்கள். அது பொய்யென்று அறிஞர்கள் அறிந்து நெடுங்காலம் சென்ற பின்னும், லின்னேயஸ் பெரிய சொர்க்கப் பறவைக்கு வைத்த பெயர் 'அபோடா', காலற்றது. இன்றும் அதுவே அதன் அறிவியற் பெயர்.

கேள்வி: இவற்றைச் சேகரித்தவர்களை அறிஞர்கள் என்பதா, வேட்டைக்காரர்கள் என்பதா?
(உயர்தர மாணவர், பதுளை)

பதில்: பெரும்பாலோர் இரண்டுமாக இருந்தார்கள். 1854 முதல் 1862 வரை மலாய்த் தீவுகளில் அலைந்த ஆங்கில இயற்கை ஆய்வாளர் வாலஸ், எட்டாயிரத்துக்கு மேற்பட்ட பறவைத் தோல்களைச் சேர்த்தார்; அவற்றை விற்றுத்தான் வாழ்ந்தார். 1858 இல் பச்சான் தீவில், ஒவ்வொரு தோளிலிருந்தும் இரண்டு நீண்ட வெள்ளை இறகுகள் நிமிர்ந்தெழும் சொர்க்கப் பறவையொன்றை இடுப்பில் தொங்கவிட்டபடி வந்து காட்டியவன், அவருடைய உதவியாள் அலி. பறவையின் பெயரில் இன்று இருப்பதோ வாலஸ். நம் மலைநாட்டிலும் அதே வழக்கந்தான்: ஓடைக்கரைகளில் வாழும் இலங்கைச் சீழ்க்கைப் பூங்குருவிக்கு, பிளை என்ற கோப்பித் தோட்டத் துரையின் பெயரை வைத்திருக்கிறார்கள்.

எனினும் வாலஸிடம் எனக்கு ஒரு பரிவு உண்டு. 1862 இல் சிங்கப்பூரில் நூறு பவுண் கொடுத்து உயிருள்ள இரண்டு சொர்க்கப் பறவைகளை வாங்கி, அவற்றுக்கு இரையாகக் கப்பலில் கரப்பான்பூச்சி தேடி அலைந்து, மால்டாவில் ஒரு பேக்கரியிலிருந்து பிஸ்கற் டின்களில் கரப்பான்பூச்சிகளை நிரப்பிச் சென்று, இரண்டையும் உயிரோடு லண்டன் சேர்த்தார்.

தொப்பிகளுக்காக நடந்த இறகு வணிகம் இவற்றையெல்லாம் விடப் பெரிய அழிவு. பிரித்தானியா 1921 இல்தான் இறகு இறக்குமதியைச் சட்டத்தால் தடுத்தது. ஆசை அதோடு அடங்கவில்லை. 2009 இல் இங்கிலாந்தின் டிரிங் அருங்காட்சியகத்திலிருந்து 299 பறவைத் தோல்களை ஓர் இளம் புல்லாங்குழல் கலைஞர் திருடினார். சால்மன் மீன் தூண்டிலுக்குப் பழைய பாணியில் இறகுகளால் அலங்காரப் போலி ஈக்கள் கட்டுவோர் அந்த இறகுகளுக்கு ஆலாய்ப் பறப்பார்கள். மீட்கப்பட்டவற்றில் பலவற்றின் அட்டைகள் நீக்கப்பட்டிருந்தன. எங்கே, எப்போது பிடித்தது என்று சொல்லும் அந்தத் துண்டு இல்லாத தோல், ஆய்வாளருக்கு ஏறக்குறைய வெறும் இறகுதான்.

கேள்வி: பங்களா முற்றங்களில் வளரும் 'பேர்ட் ஒஃப் பரடைஸ்' பூவும் நியூகினியிலிருந்து வந்ததா?
(வாசகர், நுவரெலியா)

பதில்: அது தென்னாபிரிக்கச் செடி, வாழைக்குத் தூரத்து உறவு. பறவையின் கொண்டை போல விரிவதால் அந்தப் பெயர் வந்தது. தன் நாட்டில் அதன் நீல இதழில் தேன் குடிக்கப் பறவைகள் வந்து நிற்கும்போது, மகரந்தம் ஒட்டிக்கொள்வது அவற்றின் கால்களில்.