அமெரிக்க அரசுப் பள்ளிகளில் பிரார்த்தனைக்குத் தடையா?

"அங்கே பள்ளியில் சாமி கும்பிடவே கூடாதாமே?" என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படியெல்லாம் இல்லை. தேர்வுத்தாள் கைக்கு வந்ததும் ஒரு பையன் கண்ணை மூடி வேண்டிக்கொண்டால் யாரும் தடுக்க முடியாது. பள்ளியே முன்நின்று பிரார்த்தனை நடத்துவதுதான் கூடாது.

1962இல் ஏங்கல் எதிர் விட்டாலே வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இது. நியூயார்க் மாநில அதிகாரிகள் எழுதி, பள்ளியில் சொல்லப்பட்ட ஒரு பிரார்த்தனை பற்றிய வழக்கு அது. அந்தப் பிரார்த்தனை ஆங்கிலத்தில் மொத்தமே 22 சொற்கள், எந்த மதத்தின் பெயரும் கிடையாது, வேண்டாம் என்கிற பிள்ளை பேசாமல் இருக்கலாம், வெளியேயும் போகலாம். அப்புறம் என்ன பிரச்சினை என்று தோன்றும். சரி, வகுப்பே எழுந்து நிற்கும்போது ஒரு எட்டு வயதுப் பிள்ளை மட்டும் நாற்காலியைத் தள்ளிவிட்டுக் கதவை நோக்கி நடப்பதை நினைத்துப் பாருங்கள். இதை நாத்திகர்கள் போட்ட வழக்கு என்று பலர் நினைக்கிறார்கள். வழக்காடியவர்களில் யூதக் குடும்பங்களும் உண்டு.

2022இல் காற்று கொஞ்சம் திசை மாறியது. ஆட்டம் முடிந்ததும் மைதானத்தில் மண்டியிட்டு வேண்டிய, ஒரு அரசுப் பள்ளியின் அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளருக்குச் சாதகமாக உச்ச நீதிமன்றத்தில் 6-3 என்று தீர்ப்பு வந்தது. எனக்கு இதில் உறுத்தல் உண்டு: யாரை ஆட்டத்தில் இறக்குவது என்று முடிவு செய்பவர் மண்டியிட்டால், பையன்கள் ஒதுங்கி நிற்பார்களா?

நம்பாதவர்களுக்கும் ஒரு வார்த்தை. சாப்பாட்டு மேசையில் தலை குனிந்து வேண்டும் தோழியைக் கிண்டல் செய்வது உரிமைப் போராட்டம் ஆகாது. 1984ஆம் ஆண்டுச் சட்டப்படி, பாடத்துக்கு வெளியே மாணவர் மன்றங்களை அனுமதிக்கும் உயர்நிலைப் பள்ளி பைபிள் மன்றத்தை மட்டும் ஒதுக்க முடியாது, நாத்திகர் மன்றத்தையும்தான்.