வஹீதா போட்ட நிபந்தனை – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,
‘கைடு’ இந்திப் படத்தை இப்போதுதான் பார்த்தேன். அதன் கதாநாயகி வஹீதா ரஹ்மான் செங்கல்பட்டில் பிறந்தவர் என்று அறிந்து ஆச்சரியப்பட்டேன். இயக்குநர் குரு தத்தின் மரணத்துக்கு அவர்தான் காரணம் என்று யூடியூபில் சொல்கிறார்களே, உண்மையா? அவ்வளவு பெரிய கதாநாயகி ஏன் அம்மா வேடங்களுக்குப் போனார்?
– க.

அன்புள்ள க.,

கொஞ்ச நாளாக நானும் வஹீதாவைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். அதனால்தான் உங்கள் முதல் கேள்வி சுருக்கென்று குத்தியது. குரு தத் 1964 அக்டோபரில் இறந்தார். அந்தச் சாவுக்குக் கணக்குக் கேட்க ஒரு பெண்ணைத் தேடிப் பிடிப்பதை இனியாவது விடுங்கள். ‘பியாசா’, ‘கைடு’, ‘தீஸ்ரி கசம்’ என்று நடித்தவரைப் பற்றிக் கேட்க உங்களுக்கு இது ஒன்றுதானா கிடைத்தது?

அம்மா வேடமா? 1976இல் ‘கபி கபி’யில் அமிதாப்புக்கு மனைவி, 1978இல் ‘திரிசூல்’ படத்தில் அவருக்கே அம்மா. இந்தி சினிமா அப்படித்தான். விடுங்கள்.

நான் பேச விரும்புவது வஹீதாவின் முதல் இந்திப் பட ஒப்பந்தத்தைப் பற்றி. ‘ரோஜுலு மாராயி’ என்ற தெலுங்குப் படத்தில் ஆடிய ஒரு பாட்டுதான் வஹீதாவைக் குரு தத்தின் கண்ணில் பட வைத்தது. அப்பா இறந்துவிட்டார், அம்மாவோடு பம்பாய் போகிறார், 18 வயதுகூட நிரம்பவில்லை. குரு தத் தயாரித்த ‘சி.ஐ.டி.’ படத்துக்கு ஒப்பந்தம் போடும்போது இயக்குநர் ராஜ் கோஸ்லா பெயரை மாற்றச் சொல்கிறார், திலீப் குமார், மதுபாலா எல்லாரும் மாற்றிக்கொண்டவர்கள்தானே என்கிறார். பெற்றவர்கள் வைத்த பெயர், மாற்ற முடியாது என்கிறது இந்தப் பெண். அதோடு விடவில்லை, எனக்குப் பிடிக்காத உடையை உடுத்த மாட்டேன், அதையும் எழுதுங்கள் என்கிறது. புதுமுகம் நிபந்தனை போடுவதா என்று அவர்களுக்குத் திகைப்பு. எழுதிச் சேர்த்த பிறகுதான் அம்மா கையெழுத்துப் போட்டார். கையெழுத்துக்கு முன்னால் வஹீதா கேட்டார் என்பதைக் கவனியுங்கள், க. பிறகு கேட்டிருந்தால் யார் காதில் விழுந்திருக்கும்?

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு என் அத்தைதான் காரணம். ‘கைடு’ படத்தை அத்தையோடுதான் முதலில் பார்த்தேன், தூர்தர்ஷனில், கறுப்பு வெள்ளை டிவியில். அத்தைக்கு இந்தி ஒரு வார்த்தை தெரியாது. கல்யாணம் ஆகும்வரை பரதம் ஆடியவர். படத்தில் வஹீதா நடித்த ரோஸி சலங்கை வாங்கிக் கட்டிக்கொண்டு கடைத்தெருவில் நடந்தாளே, அதைப் பார்த்ததும் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். பின்னாலேயே போனேன். “பொண்ணு பார்க்க வந்தப்போ, ஆட விடுவீங்களான்னு ஒரு வார்த்தை நான் கேக்கலை, யாரும் எனக்காகவும் கேக்கலை” என்றார். அழவில்லை. கொதித்த பாலை இறக்கி வைத்தார்.

வஹீதாவும் திருச்செந்தூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் முறையாகப் பரதம் கற்றவர். அந்தக் கால்களில் அது தெரியும். அந்தக் கடைத்தெருக் காட்சியை மட்டும் இன்னொரு முறை பாருங்கள், வேகமாக ஓட்டாமல். பார்த்துவிட்டு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா