மாணவர்கள் முன்னால் போய் உட்காரலாமா?

கேள்வி: எனக்கு 54 வயது. 16 வருடமாக முடக்குவாதம். மாத்திரை வாங்கப் போகும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், "பசங்களுக்கு கிளாஸ் எடுக்கும்போது ஒரு நாள் வர முடியுமாம்மா?" என்று டாக்டர் கேட்டார். எனக்கு ஆசைதான். "நீ என்ன காட்சிப் பொருளா?" என்று மகன் கோபப்படுகிறான். போகலாமா?
- வாசகி, தஞ்சை மாவட்டம்

பதில்: போங்கள் அம்மா. ஆனால் உங்கள் மகனின் கோபத்திலும் நியாயம் இருக்கிறது.

நான் மூன்றாம் ஆண்டு படிக்கும்போது, மண்ணீரல் வீங்கிய ஒரு பெரியவரின் வயிற்றை 12 பேர் வரிசையாக அழுத்திப் பார்த்தோம். நான் எட்டாவது ஆள். என் கை சில்லிட்டிருந்ததோ என்னவோ, முகம் சுளித்தார். "வலிக்கிறதா ஐயா?" என்று எங்களில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. எங்களுக்கு அவர் 'ஸ்ப்ளீன் கேஸ்', அவ்வளவுதான். 35 வருடம் வாத்தியாராக இருந்த பிறகும் அந்த முகம் எனக்கு மறக்கவில்லை.

அதே வருடம் இன்னொரு வார்டில் இதய வால்வு சுருங்கிய ஓர் அக்கா இருந்தார். அந்த நோயில் கேட்கும் முணுமுணுப்பு மிகவும் தாழ்ந்த ஒலி. இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தால்தான் நன்றாகப் பிடிபடும். ஸ்டெத்தை வைத்துக்கொண்டு நான் விழித்தேன். அவரே திரும்பிப் படுத்தார். "மூச்ச வெளிய விட்டு நிறுத்திக்கிறேன், இப்பக் கேளுங்க தம்பி" என்றார். கேட்டது! பாடப் புத்தகத்தில் பலமுறை படித்தும் பிடிபடாத ஒலி அது.

நோயாளியாக நடிக்க ஆட்களைப் பழக்கி, அவர்களை வைத்துப் பாடம் நடத்தும் முறையை 1963-லேயே அமெரிக்காவில் ஹோவர்ட் பாரோஸ் என்ற நரம்பியல் மருத்துவர் தொடங்கினார். நல்ல முறைதான். வலியை நடித்துவிடலாம். நோய் முற்றிச் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்ந்துபோன விரல்களை யார் நடிப்பது?

காலையில் எழுந்ததும் மூட்டு எவ்வளவு நேரம் இறுகிக் கிடக்கிறது என்று மாணவர் கேட்பார். "ஒரு மணி நேரத்துக்கு மேல" என்றால் எழுதிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார். விடாதீர்கள். அந்த நேரத்தில் குழாயைத் திருக முடிகிறதா, ஜாக்கெட் ஊக்கை மாட்ட முடிகிறதா, எல்லாவற்றையும் சொல்லுங்கள். நோயாளியிடம் பேசும் விதத்தை 2019 முதல் எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்திலேயே முறையாகச் சேர்த்திருக்கிறார்கள். உங்களைப் போன்ற ஒருவர் எதிரில் உட்கார்ந்தால்தான் அந்தப் பாடம் மனதில் ஏறும்.

சரி, போவதற்கு முன் டாக்டரிடம் பேசிக்கொள்ளுங்கள். எத்தனை பேர், எவ்வளவு நேரம் என்று கேளுங்கள். வலிக்கிற மூட்டை எல்லோரும் அழுத்த வேண்டியதில்லை; ஒருவர் தொட, மற்றவர்கள் பார்க்கட்டும். பிடிக்காவிட்டால் போட்டோ வேண்டாம் என்று சொல்லுங்கள். பாதியில் எழுந்து வரவும் உங்களுக்கு உரிமை உண்டு. அதை வைத்து உங்கள் சிகிச்சையில் யாரும் குறை வைக்கக் கூடாது. பஸ் செலவைக் கேட்டு வாங்கக் கூச்சப்படாதீர்கள்.

அப்புறம் ஒன்று. வீக்கம் நன்றாகத் தெரியட்டும் என்று அன்றைக்கு மாத்திரையை நிறுத்திவிட்டுப் போகாதீர்கள். மாணவர்களுக்காக அப்படிச் செய்து அவதிப்பட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

முதல் நாள் மகனையும் கூட்டிக்கொண்டு போங்கள். அரை நாள் லீவு போடச் சொல்லுங்கள், நான் சொன்னேன் என்று.