பயாப்சி ரிப்போர்ட் இரண்டு விதமாக வந்தால்

எட்டு மாதக் குழந்தையின் முன்கைக் கட்டிக்கு ஒரு லேப் 'இன்ஃபன்டைல் ஃபைப்ரோசார்கோமா' (கைக்குழந்தைகளுக்கு வரும் ஒரு வகைப் புற்றுநோய்) என்றும், இன்னொரு லேப் வெறும் 'ஸ்பிண்டில் செல் கட்டி' (நீளமான செல்கள் கொண்ட கட்டி) என்றும் எழுதியிருக்கிறது, யாரை நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டாவது லேப் தப்பாகச் சொன்னதாக எடுத்துக்கொள்ளாதீர்கள், அது பெயர் வைக்காமல் நிறுத்திக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். சின்னக் குழந்தைகளின் இந்தக் கட்டிகளில் பலவும் மைக்ராஸ்கோப்பில் நீள நீளமான செல்களாக ஒன்றைப்போலவே இருக்கும், மையோஃபைப்ரோமா மாதிரி சாதுவான கட்டிகூட அப்படித் தெரியலாம். தசைப் புரதங்களைக் காட்டும் டெஸ்மின், மையோஜெனின் சாயங்கள் பிடித்தால் ராப்டோமையோசார்கோமா என்ற தசை வகைப் புற்றுநோய்ப் பக்கம் போவார்கள். பிடிக்காவிட்டால் மரபணுச் சோதனைதான் வழி. இன்ஃபன்டைல் ஃபைப்ரோசார்கோமாவில் பெரும்பாலும் ஈடிவி6, என்டிஆர்கே3 என்ற இரண்டு மரபணுக்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். இந்த இணைப்பைத் தேடும் ஃபிஷ் அல்லது ஆர்என்ஏ சீக்வென்சிங் என்ற மரபணுச் சோதனையைச் செய்தார்களா என்று முதலில் கேளுங்கள், ஏனென்றால் அந்த இணைப்பு இருந்தால் 2018-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற லாரோட்ரெக்டினிப் போன்ற மருந்துக்கும் வாய்ப்பு உண்டு, அது திரவமாகவே கிடைக்கிறது.

அப்புறம், லேபிலிருந்து ரிப்போர்ட் மட்டும் வாங்கி வராதீர்கள். கண்ணாடி ஸ்லைடுகளோடு அந்த மெழுகு பிளாக்கையும் கேளுங்கள், சின்ன பிளாஸ்டிக் சட்டத்துக்குள் திசு புதைந்திருக்கும். அது இல்லாமல் புதிய சோதனைகள் செய்வது கஷ்டம். குழந்தைகளின் சார்கோமாவையே (தசை, இணைப்புத் திசு போன்றவற்றில் வரும் புற்றுநோய்) பார்க்கும் பேத்தாலஜிஸ்டிடம், அதாவது திசுவைப் பரிசோதித்து நோயைச் சொல்லும் டாக்டரிடம், அதைக் காட்டுங்கள்.

'எதற்கு வம்பு, வெட்டி எடுத்துவிடலாம்' என்று யாராவது சொன்னால், பெயர் தெரியும் வரை, எம்ஆர்ஐ பார்க்கும் வரை சரி சொல்லாதீர்கள். ஆனால் கட்டி வேகமாக வளர்ந்தாலோ, ரத்தம் கசிந்தாலோ, விரல்கள் வெளுத்தாலோ அன்றைக்கே டாக்டரிடம் ஓடுங்கள்.