அமெரிக்க அதிபர் தேர்தலில் யாருக்கு ஓட்டுப் போடுவது என்று மக்கள் எப்படி முடிவு செய்கிறார்கள்?

கட்சியைப் பார்த்தா, ஆளைப் பார்த்தா, இல்லை டிவி விவாதத்தைப் பார்த்தா என்று கேட்டிருக்கிறீர்கள். நவம்பரில் பெரும்பாலானவர்கள் கட்சி பார்த்துத்தான் போடுகிறார்கள். ஆளை எடை போடும் வேலை அதற்குப் பல மாதம் முன்பே, கட்சிக்குள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் பிரைமரியில் நடந்து முடிந்துவிடும். அங்கேயும் ‘எனக்கு யாரைப் பிடித்திருக்கிறது’ என்பதைவிட ‘மற்றவர்கள் யாருக்குப் போடுவார்கள்’ என்ற கணக்குத்தான் அதிகம் ஓடுகிறது. எனக்கு இது பெரிய வருத்தம், ஏன் என்று சொல்கிறேன்.

2020-ல் நான் அயோவா மாநிலத்தில், டிமாயின் நகரத்துக்குப் பக்கத்தில் வேலையில் இருந்தேன். இன்சூரன்ஸ் கம்பெனிகள் நிறைய உள்ள ஊர், அதனால் நம் ஐடி ஆட்களும் உண்டு. விசாவில் இருந்ததால் எனக்கு ஓட்டு கிடையாது. ஆனால் அங்கே ஜனநாயகக் கட்சி தன் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க நடத்தியது வாக்குச்சாவடி இல்லை, காக்கஸ் என்னும் கூட்டம். ஓட்டு இல்லாதவர்களும் ஓரமாக இருந்து பார்க்கலாம். பிப்ரவரி 3, ராத்திரி 7 மணி, ஒரு பள்ளிக்கூட ஜிம். சாண்டர்ஸுக்கு ஒரு மூலை, வாரனுக்கு ஒரு மூலை, புட்டஜெஜ், பைடன், குளோபுசார் என்று ஆளுக்கொரு இடம், எல்லோரும் அவரவர் வேட்பாளரின் இடத்தில் போய் நிற்க வேண்டும். ரகசிய வாக்கெல்லாம் இல்லை. ஒரு வயதான தம்பதி, கணவர் ஒரு மூலையில், மனைவி எதிர் மூலையில் நின்றதைப் பார்த்தேன். நவம்பருக்குள் 18 வயது நிரம்பும் என்றால் 17 வயதுப் பிள்ளைகளும் கலந்துகொள்ளலாம் என்பதால் பள்ளி மாணவர்களும் வந்திருந்தார்கள்.

விதி இதுதான்: பெரும்பாலான இடங்களில், வந்தவர்களில் 15 சதவீதம் பேராவது உங்கள் மூலையில் நிற்க வேண்டும். 200 பேர் வந்திருந்தால் 30 பேர். அதற்குக் குறைந்தால் அந்தக் குழு கலைந்து வேறு மூலைக்குப் போகலாம், இல்லையென்றால் தேவையான ஆட்களை மற்ற சின்னக் குழுக்களிலிருந்து இழுத்து வரலாம். இந்த இரண்டாவது சுற்றில்தான் ஒருவர் மனசுக்குள் எப்படி எடை போடுகிறார் என்பது வாய்விட்டு வெளியே வரும். குளோபுசார் மூலையில் மூன்று நான்கு பேர் குறைந்தார்கள். ஆண்ட்ரூ யாங் மூலையிலிருந்து கலைந்த இளைஞர்களை மடக்கிப் பேசிக்கொண்டிருந்தார்கள். இன்னொரு பக்கம் ஒருவர், “சாண்டர்ஸ் சொல்கிற அரசுக் காப்பீடு வந்தால் யூனியன் போராடி வாங்கிக் கொடுத்த என் காப்பீடு என்ன ஆகும்?” என்று கேட்க, கல்லூரிப் பையன் ஒருவன் பொறுமையாகப் பதில் சொன்னான். அவர் ஒத்துக்கொள்ளவில்லை, ஆனால் கடைசி வரை கேட்டார். தேர்தல் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று தோன்றியது.

ஆனால் அன்றைக்கு நான் அதிகம் கேட்ட பேச்சு வேறு. “எனக்கு வாரனைத்தான் பிடிக்கும், ஆனால் விஸ்கான்சின்காரர்கள் ஒரு பெண்ணுக்கு ஓட்டுப் போடுவார்களா?” “புட்டஜெஜ் நல்லாத்தான் பேசுகிறார், ஆனால் டிரம்பை ஜெயிப்பாரா?” இந்த ‘ஆனால்’ இல்லாத பேச்சே இல்லை. 2016-ல் ஹிலாரி கிளின்டன் நாடு முழுக்க 28 லட்சத்துக்கும் மேல் அதிக ஓட்டு வாங்கியும், மிச்சிகன், விஸ்கான்சின், பென்சில்வேனியா என்ற மூன்று மாநிலங்களிலும் சேர்த்து 80 ஆயிரத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் டிரம்பிடம் தோற்றதால் ஜனநாயகக் கட்சிக்காரர்களுக்கு ஏற்பட்ட பயம் அது. பயம் நியாயமானது. அதற்காகத் தன் விருப்பத்தை ஒதுக்கிவிட்டு, பார்த்தே இராத ஒரு விஸ்கான்சின்காரரின் மனசை ஊகித்து ஓட்டுப் போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

காரணம், அந்த ஊகம் நிலையில்லாதது. 2008-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளைக்காரர்கள் ஒபாமாவுக்குப் போட மாட்டார்கள் என்று தென் கரோலினாவின் கறுப்பின வாக்காளர்களில் நிறையப் பேர் தயங்கினார்கள். ஜனவரி 3-ஆம் தேதி, 90 சதவீதத்துக்கும் மேல் வெள்ளையர்கள் வாழ்ந்த அயோவா அவரை ஜெயிக்க வைத்தது. அந்த மாதக் கடைசியில் தென் கரோலினாவில் அவருக்கு 55 சதவீதம். ஆள் அதே ஆள்தான், மற்றவர்களைப் பற்றிய கணக்கு மட்டும்தான் மாறியது. 2020-லும் அப்படித்தான். அயோவாவில் நான்காவது, நியூ ஹாம்ப்ஷயரில் ஐந்தாவது என்று வந்த பைடனை எல்லோரும் கைகழுவியாகிவிட்டது. தென் கரோலினாவில் கறுப்பின மக்களிடம் செல்வாக்குள்ள எம்.பி. ஜிம் கிளைபர்ன் ஆதரவு கொடுத்தார், பிப்ரவரி 29-ல் பைடன் பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தார், அடுத்த இரண்டு நாளில் புட்டஜெஜும் குளோபுசாரும் விலகினார்கள், மார்ச் 3-ல் ஒரே நாளில் பிரைமரி நடந்த 14 மாநிலங்களில் 10 பைடன் பக்கம். இதில் பாவம், கலிபோர்னியாவில் முன்கூட்டியே தபாலில், விலகிய அந்த இருவரில் ஒருவருக்கு ஓட்டுப் போட்டு முடித்தவர்கள்.

அப்புறம் நவம்பர். அதிபராக, மாநிலங்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்திருக்கும் 538 எலக்டோரல் ஓட்டில் 270 வேண்டும், மெயின், நெப்ராஸ்கா தவிர மற்ற மாநிலங்களில் முதலில் வந்தவருக்கே அந்த மாநிலத்தின் மொத்தமும் போகும். அதனால் ஒரே கட்சி பெரிய வித்தியாசத்தில் ஜெயிக்கும் கலிபோர்னியாவிலும் அலபாமாவிலும் நீங்கள் எவ்வளவு யோசித்துப் போட்டாலும் முடிவு மாறாது. 2024-ல் பென்சில்வேனியா, ஜார்ஜியா, அரிசோனா என்று 7 மாநிலங்களைச் சுற்றியே பிரசாரம் நடந்தது, ஏழையும் டிரம்ப் எடுத்தார்.

அதற்காக, மாறிப் போடுகிறவர்களே இல்லை என்று நினைக்காதீர்கள். அயோவாவின் வட எல்லையில் ஹோவர்ட் கவுன்டி என்று ஒரு சின்ன விவசாயப் பகுதி இருக்கிறது. 2012-ல் ஒபாமாவுக்கு 20 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம், 2016-ல் டிரம்புக்கும் 20-க்கு மேல். அதே ஊர், பெரும்பாலும் அதே மக்கள். இப்படி மாறுகிறவர்களிடம் பேசினால் கொள்கை விளக்கம் கிடைக்காது, ‘எங்கள் ஊரை யாரும் கண்டுகொள்ளவில்லை, இவராவது ஏதாவது செய்வார்’ என்பதுதான் கிடைக்கும். 2024-ல் விலைவாசி. 2022 ஜூனில் பணவீக்கம் 9.1 சதவீதத்தைத் தொட்டது, பிறகு வேகம் குறைந்தது, ஆனால் ஏறிய முட்டை விலையும் வாடகையும் பழைய இடத்துக்கு வரவில்லை. ஆட்சியில் இருந்தவர்கள் மேல் அந்தக் கோபம் விழுந்தது. இதை அறியாமை என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. மாதச் சம்பளத்தில் வீட்டை ஓட்டுகிறவருக்கு அதைவிட நேரடியான சாட்சி என்ன இருக்கிறது?

விவாதங்களைப் பொறுத்தவரை, அவை பெரும்பாலும் ஏற்கெனவே உள்ள அபிப்பிராயத்தை இறுக்குவதோடு சரி. 2024 ஜூன் 27-ல் பைடன் தடுமாறிய விவாதம் விதிவிலக்கு, அதற்கு அடுத்த மாதமே அவர் போட்டியிலிருந்து விலகினார்.

அந்தக் காக்கஸ் முறை இப்போது இல்லை. 2020-ல் முடிவு அறிவிப்பதில் ஏற்பட்ட குளறுபடிக்குப் பிறகு, 2024-ல் ஜனநாயகக் கட்சி அயோவாவில் தபால் ஓட்டுக்கு மாறிவிட்டது. குழந்தையை வைத்திருப்பவர்களும் ராத்திரி ஷிஃப்ட் போகிறவர்களும் இப்போது பங்கெடுக்க முடியும், அது நல்லதுதான். ஆனால் பக்கத்து வீட்டுக்காரரிடம் நேருக்கு நேர் நின்று காரணம் சொல்ல வேண்டிய கட்டாயம் போய்விட்டதே என்று இருக்கிறது.

நீங்கள் புதிதாகக் குடியுரிமை வாங்கியவர் என்றால் ஒன்றைக் கவனியுங்கள். பென்சில்வேனியா, நியூயார்க் போன்ற மாநிலங்களில் கட்சி பெயரில் பதிவு செய்தவர்கள் மட்டுமே அந்தக் கட்சியின் பிரைமரியில் போட முடியும். ‘எந்தக் கட்சியும் இல்லை’ என்று எழுதினால் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் கட்டத்தில் உங்களுக்கு இடமில்லை. டெக்சாஸிலும் ஜார்ஜியாவிலும் அந்தப் பதிவே கிடையாது, எந்தக் கட்சிச் சீட்டு வேண்டும் என்று அன்றைக்கே சொல்லி வாங்கிக்கொள்ளலாம். கட்சியில் பதிவு செய்ததால் நவம்பரில் அதற்குத்தான் போட வேண்டும் என்ற கட்டாயம் எந்த மாநிலத்திலும் இல்லை, அதனால் தயங்காமல் பதிவு செய்யுங்கள்.