அவள் என்னிடம் மட்டும்தான் சொன்னாள்: கேள்வி பதில்

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மனநல ஆலோசனை சொல்வது என் வேலை. பாலியல் வன்கொடுமைக்கு ஆளான பிள்ளைகளின் சிநேகிதர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். யாரையும் அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

பல்லடம் பக்கம், 11-ஆம் வகுப்பு மாணவி: அக்கா, என் தோழியிடம் அவள் சொந்தக்காரர் ஒருவர் தப்பாக நடந்துவிட்டார். நேற்றுதான் சொன்னாள். யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிவிட்டாள். சொன்னால் செத்துவிடுவேன் என்கிறாள். நான் என்ன செய்யட்டும்?

கண்ணு, இந்தச் சத்தியத்தை மட்டும் நீ காப்பாற்றக் கூடாது. சாவைப் பற்றி அவள் பேசிவிட்டாள், அதனால் இன்றைக்கே ஒரு பெரியவருக்குத் தெரிந்தாக வேண்டும். அதுவரை அவளைத் தனியாக விடாதே.

ஆனால் அவள் முதுகுக்குப் பின்னால் போய்ச் சொல்லாதே. முதலில் அவளிடமே பேசு. "நீ சொன்னதை நான் நம்புகிறேன். நாம் இரண்டு பேர் மட்டும் இதைத் தாங்க முடியாது. யாரிடம் சொல்லலாம், நீயே சொல்" என்று கேள். அவளிடம் கேட்காமல் நடந்த கொடுமை அது. அடுத்து நடப்பதிலாவது அவள் விருப்பத்துக்கு இடம் இருக்கட்டும். அம்முச்சியா, அத்தையா, ஒரு டீச்சரா, அவளே ஆளைச் சொல்லட்டும். செய்தவன் சொந்தக்காரன் என்பதால் அவனுக்காகப் பரிந்து பேசக்கூடியவர் மட்டும் வேண்டாம். யாருமே இல்லையென்றால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைக் கூப்பிடு, இரவிலும் எடுப்பார்கள்.

கர்ப்பத்தைத் தடுக்கும் மாத்திரையும் எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்தும் கொடுமை நடந்ததிலிருந்து 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டியவை, எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. ஆஸ்பத்திரியில் சிகிச்சை இலவசம், தனியார் ஆஸ்பத்திரியும் மறுக்கக் கூடாது. அன்று போட்டிருந்த துணியைத் துவைக்காமல் காகிதப் பையில் வைக்கச் சொல். 72 மணி நேரம் தாண்டிவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் வேண்டும்.

அவள் உன் மேல் கோபப்படலாம், மாசக்கணக்கில் பேசாமலும் இருக்கலாம். அதைத் தாங்கிக்கொள், கண்ணு. அவள் உயிரோடு இருந்து கோபப்படட்டும்.

உடுமலை, 10-ஆம் வகுப்பு மாணவி: போலீசுக்குப் போனால் ஊருக்கே தெரிந்துவிடும் என்று தோழியின் வீட்டில் பயப்படுகிறார்கள்.

பயப்படக் காரணம் இருக்கிறது. பெண்கள் பலரைப் பாலியல் வன்கொடுமை செய்து வீடியோ எடுத்த பொள்ளாச்சி வழக்கில், 2019-இல் புகார் கொடுத்த பெண்ணின் அடையாளத்தைப் போலீஸ் அதிகாரியே வெளியில் சொன்னார், அரசாணையிலும் வந்தது. அதற்காக அந்தப் பெண்ணுக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்க உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அதே வழக்கில்தான், 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் குற்றவாளிகள் 9 பேருக்கும் சாகும்வரை சிறை என்று தீர்ப்பளித்தது. சாட்சி சொன்ன பெண்கள் கடைசிவரை பிறழவில்லை. நம் ஊர்ப் பெண்கள் அவர்கள், எனக்கு இதில் பெருமை உண்டு.

உன் தோழிக்கு 18 வயது ஆகவில்லை, அதனால் குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் வரும். அவள் ஸ்டேஷனுக்குப் போக வேண்டியதில்லை. கூடுமானவரை பெண் எஸ்.ஐ. ஒருவர் சீருடை இல்லாமல் வீட்டுக்கே வந்து வாக்குமூலம் வாங்க வேண்டும். அவள் நம்புகிற ஒருவர் கூடவே இருக்கலாம். இரவில் எந்தக் காரணத்துக்காகவும் ஸ்டேஷனில் வைக்கக் கூடாது. பெயரை வெளியிடுவது குற்றம். இதை அவள் வீட்டாருக்குச் சொல்.

கோபி, 12-ஆம் வகுப்பு மாணவி: மாரியம்மன் கோயில் நோம்பிக்கு (திருவிழாவுக்கு) நான்தான் என் தோழியைக் கூட்டிப் போனேன். தலைவலி என்று பாதியில் வீட்டுக்கு வந்துவிட்டேன். அப்புறம்தான் நடந்திருக்கிறது. இப்போது என்னைப் பார்த்தாலே விலகிப் போகிறாள்.

அம்மணி, தலைவலியில் வீட்டுக்கு வந்தது குற்றம் இல்லை. குற்றம் செய்தவன் ஒருவன் இருக்கிறான், அந்தப் பாரத்தை நீ எடுத்துத் தலையில் வைத்துக்கொள்ளாதே.

அவள் விலகுவது வெறுப்பால்தான் என்று முடிவு கட்டாதே. உன் முகம், அன்று நீ கட்டியிருந்த பாவாடை தாவணி, உன் குரல் எல்லாம் அவள் மனசில் அந்த இரவோடு ஒட்டியிருக்கலாம். உன்னைப் பார்த்ததும் உடம்பு பதறும். அது மெல்ல மெல்லத்தான் தணியும்.

ஒன்று மட்டும் செய்யாதே. அழுதுகொண்டே போய் "என்னை மன்னித்துவிடு" என்று நிற்காதே. அப்புறம் அவள்தான் உன்னைத் தேற்ற வேண்டிவரும், அதற்கு அவளிடம் இப்போது தெம்பு இல்லை. உன் அழுகைக்கு அம்மாவையோ என்னைப் போன்ற ஒருவரையோ தேடு. அவளுக்குச் சின்னதாக ஒரு மெசேஜ் போதும்: "கணக்கு நோட்டு உனக்கும் சேர்த்து எழுதி வைத்திருக்கிறேன்." பதில் கேட்காதே. அடுத்த வாரம் இன்னொன்று. பஸ்ஸில் பக்கத்து இடத்தைப் பிடித்து வை. அவள் உட்காராவிட்டால் மறுநாளும் பிடித்து வை.

பெருந்துறை, மாணவன்: என் தோழியிடம் தப்பாக நடந்தவன் எங்கள் கிளாஸ்தான். அடித்து நொறுக்க வேண்டும் போல இருக்கிறது. இன்னொன்று, அவள் ஏன் கத்தவில்லை?

தம்பி, அடித்தால் கேஸ் உன் மேல் வரும், பேச்சும் உன்னைப் பற்றியதாகிவிடும். கத்தாததற்குக் காரணம், பயத்தில் உடம்பு விறைத்துப்போவது. ரொம்பப் பேருக்கு அப்படித்தான் ஆகிறது. அந்தக் கேள்வியை அவளிடம் கேட்டுவிடாதே.

தாராபுரம், ஒரு அம்மா: என் மகளின் தோழிக்கு இப்படி நடந்துவிட்டது. அந்தப் பெண்ணோடு சேர்ந்தால் என் மகள் பேரும் கெடாதா?

இப்படிக் கேட்டது எனக்கு வருத்தமாக இருக்கிறதுங்க. நாளைக்கு உங்கள் மகளுக்கு ஏதாவது என்றால், நீங்கள் இன்று சொல்வதை நினைத்துத்தான் உங்களிடம் வாயைத் திறப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வாள். அந்தப் பிள்ளையை வீட்டுக்குக் கூப்பிட்டு ஒரு வாய் சாப்பாடு போடுங்க.

உடுமலை மாணவி மறுபடியும்: அவளோடு கோர்ட்டுக்கு நான் போகலாமா?

போகலாம். குழந்தை நம்புகிற குடும்பத்தார் மட்டுமல்ல, சிநேகிதரும் நீதிமன்றத்தில் உடன் இருக்கலாம் என்று போக்சோ சட்டத்திலேயே இருக்கிறது. சாட்சி சொல்லும்போது அவன் முகத்தை அவள் பார்க்க வேண்டியிருக்காது. ஆனால் அவள் முதலில் உன்னிடம் சொல்லியிருந்தால் நீயே சாட்சியாகலாம், அப்போது வெளியில்தான் நிற்கச் சொல்வார்கள். அவள் உன்னிடம் சொன்ன தேதியையும் சொன்ன வார்த்தையையும் மறப்பதற்குள் எழுதி வைத்துக்கொள். கோர்ட்டில் நெடுநேரம் காக்க வேண்டிவரும். தண்ணீரும் அவளுக்குப் பிடித்த தின்பண்டம் ஏதாவதும் எடுத்துப் போ.